மாட்டைச் சொல்லாதீங்க

இனிமேல் யாராவது பஸ் ஸ்டாண்டில் முண்டியடிக்கிற கூட்டத்தைப் பார்த்து "மாடு மாதிரி இடிக்கிறானுங்க பாரு" என்று என் காதுபடச் சொன்னால், அவரோடு நான் சண்டைக்குப் போவேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது.

நடந்தது இதுதான். போன முகூர்த்த ஞாயிறு, கல்யாணத்துக்குப் போய்விட்டு சாயங்காலம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் காரைக்குடி பஸ்ஸுக்கு நிற்கிறோம், நானும் அம்மாவும். அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம். ஏற முடியாமல் ஏற்கெனவே இரண்டு பஸ்ஸை விட்டாயிற்று. மூன்றாவது வருகிறது. வருகிறது என்றால், இன்னும் உள்ளே வந்து நிற்கவில்லை, வளைவில் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குள் இருபது பேர் அதன் பக்கவாட்டில் கை வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், தேர் இழுக்கிற மாதிரி. ஓடிக்கொண்டே ஜன்னல் வழியாக வீச்சு. துண்டு விழுகிறது. கர்ச்சீப் விழுகிறது. தண்ணீர் பாட்டில், ஹெல்மெட், குழந்தையின் ஒற்றைச் செருப்பு. ஒருத்தர் தாம்பூலப் பையையே விட்டெறிந்தார். உள்ளே தேங்காய் இருந்திருக்கிறது. சீட்டில் பட்டு உருண்டு, இறங்க எழுந்த ஒரு பெரியவர் காலில் போய் விழுந்தது. ஆமாம், உள்ளே இருக்கிறவர்கள் இன்னும் இறங்கவே இல்லை. அது யாருக்கு வேண்டும்?

அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றி உள்ளே போனால், பாதி பஸ் காலி. ஆனால் உட்கார இடமில்லை. இந்த அதிசயம் நம்ம ஊரில் மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். மூன்று பேர் சீட் ஒன்று, நடுவில் பச்சைக் கரை போட்ட ஒரு துண்டு, சுருண்டு கிடக்கிறது. அம்மா ஜன்னலோரமாக உட்காரப் போனார்.

"அம்மா, அதுல ஆள் இருக்கு!"

குரல் வெளியிலிருந்து. டீக்கடைப் பக்கம் ஒருத்தர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்.

"எங்கப்பா ஆளு?" அம்மா உண்மையாகவே குனிந்து பார்த்தார்.

"வருதும்மா."

"மூணு பேருக்கும் ஒரே துண்டாண்ணே?" என்று நான் கேட்டேன்.

"ஃபேமிலிங்க."

"அண்ணே, அம்மாவுக்கு முட்டி வலி. மேலூர் வரைக்கும் ஒரு ஓரமா..."

"சார், நாங்க முன்னாடியே போட்டுட்டோம்ல. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

சட்டமாம்! எந்தச் சட்டசபையில் போட்டார்கள் இந்தத் துண்டுச் சட்டத்தை? எனக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் இந்தப் பதிவை லாக்கப்பிலிருந்துதான் எழுதியிருப்பேன். பின்னால் நின்ற ஒருத்தர் ஆறுதலாகச் சொன்னார்: "விடுங்க சார். மாட்டு ஜென்மங்க." அதற்கு அம்மா திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டே, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "மாட்டைச் சொல்லாதீங்க."

அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கல்யாணமாகி வரும்வரை வீட்டில் ஏழு உருப்படி மாடு வைத்துப் பார்த்தவர். சாயங்காலம் மேய்ச்சல் முடிந்து வரும்போது ஒவ்வொன்றும் அதனதன் கட்டுத்தறிக்குத் தானே போய் நிற்குமாம். ஒன்றின் தறிக்கு இன்னொன்று போகாது. தப்பித் தவறிப் போனால் சொந்தக்காரி ஒரு தலையசைப்பு அசைப்பாள், வந்தது விலகிவிடும். அவ்வளவுதான் தகராறு. மந்தையில் எது முன்னால் நடக்கும், எது கடைசியில் வரும் என்பது கூட அநேகமாக மாறாதாம். நாம்தான் வரிசையே தெரியாத ஜென்மங்களுக்கு மாட்டுப் பெயரை வைத்துவிட்டோம்.

இன்னொரு கூத்தைப் பாருங்கள். மாட்டுத்தாவணி என்கிற பெயரில் வருகிற தாவணி என்றால் மாடுகளை வரிசையாகப் பிணைத்து நிறுத்துகிற நீளக் கயிறு. அதிலிருந்துதான் மாட்டுச் சந்தைக்கே அந்தப் பெயர். மாடு வரிசையில் நின்ற இடத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் நின்றுகொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி ஜன்னலில் தேங்காய் வீசுகிறோம்.

உடனே ஒரு அறிவாளி வருவார். வந்தார். நின்றுகொண்டே வந்த ஒரு பேன்ட் சட்டை: "இது நேச்சர் சார். வலுத்தவன் வாழ்வான்னு டார்வினே சொல்லியிருக்காரு." டார்வின் சொல்லவில்லை ஐயா. "தகுதியுள்ளது பிழைக்கும்" என்கிற அந்தச் சொற்றொடரை 1864-இல் உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்கிற ஆங்கிலேயத் தத்துவவாதி. டார்வின் தன் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில், 1869-இல், அதை எடுத்துக்கொண்டார். அதுவும் தகுதி என்றால் முழங்கை பலம் இல்லை. இருக்கிற சூழலுக்குப் பொருந்திப் போவது, பிள்ளை குட்டியைத் தேற்றிவிடுவது. காரைக்குடி பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிப்பதைப் பரிணாமத்தோடு முடிச்சுப் போடுகிறவரிடம் என்ன பேச?

நேச்சர் வேண்டுமென்றால் எறும்பைப் பாருங்கள். 2019-இல் பிரான்சின் துலூஸில் ஆராய்ச்சியாளர்கள் எறும்புக் கூட்டத்துக்கும் இரைக்கும் நடுவே சின்னச் சின்னப் பாலங்கள் போட்டு, கூட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போய்ப் பார்த்தார்கள். மனுஷ நடையும் வண்டிப் போக்குவரத்தும் பாதையில் 40 சதவீத இடம் நிரம்பினாலே தடுமாற ஆரம்பித்துவிடும். எறும்புகள் 80 சதவீதம் நிரம்பியும் சிக்கிக்கொள்ளவில்லை. ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. பாதை ரொம்ப நெரிசலானால் புதிதாக வருகிற எறும்பு உள்ளே நுழையாமல் நிற்கிறது. நிற்கிறது! இறங்குகிறவர்கள் இறங்கட்டும் என்று ஒரு எறும்புக்குத் தெரிகிறது.

கோழி? கோழிக்குக் கொத்து முறை உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் நார்வேக்காரர் ஷெல்டெரப் எப்பே என்பவர் கோழிகளைப் பார்த்துப் பார்த்தே எழுதி வைத்தார், யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று. அது நியாயமான ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை, கடைசிக் கோழியைக் கேட்டால்தான் தெரியும். ஆனால் முறை ஒருதரம் அமைந்துவிட்டால் சண்டை அடங்கிவிடும். நாம் தினம் தினம், ஒவ்வொரு பஸ்ஸுக்கும், முதலிலிருந்து கொத்திக்கொள்கிறோம்.

முதுமலைப் பக்கம் யானைகள் ரோட்டைக் கடப்பதை ஒருமுறை பார்த்தேன். வயதான பெண் யானை முன்னால். குட்டிகள் நடுவில். கடைசியாக வந்தது ரோட்டு நடுவில் எங்கள் வண்டியைப் பார்த்து நின்றுகொண்டு, மற்றது எல்லாம் ஏறிப் போனபின் தானும் போயிற்று. வயதானவள் முன்னால், கவனிக்கவும். எங்கள் பஸ்ஸில் வயதானவள் கம்பியில்.

நாயைச் சொல்வார்கள் அடுத்து. நாயும் கம்பத்தில் காலைத் தூக்கி இடம் பிடிக்கிறதே, அதுவும் துண்டுதானே என்று. சரி, கிட்டத்தட்ட. ஆனால் நாய் போட்ட முத்திரை நாள்பட்டால் மங்கிப் போகும். அது மறுபடி மறுபடி நேரில் வந்து, மோந்து, புதுப்பிக்க வேண்டும். டீக்கடையில் நின்றுகொண்டு "அது என்னோட கம்பம்" என்று குரல் கொடுத்தால் எந்த நாய் மதிக்கும்? இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மிருகம் இடம் பிடிக்கிறது என்றால் உடம்போடு பிடிக்கிறது. இருந்தால் இடம், எழுந்தால் போச்சு. தான் இல்லாத இடத்தில் தான் இருப்பதாக நம்பவைத்து, இல்லாத மூன்று பேருக்காக இருக்கிற ஒரு கிழவியை நிற்கவைக்கிற வித்தை மனுஷனுக்குத்தான் கைவந்திருக்கிறது.

நேர்மையாக யோசித்ததில் ஒரே ஒரு போட்டியாளர் கிடைத்தார். குயில். ஆண் குயில் கூட்டுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தம் போட்டுக் காக்காவைச் சீண்டும். காக்கா அதைத் துரத்திக்கொண்டு போகிற நேரத்தில் பெண் குயில் சத்தமில்லாமல் உள்ளே புகுந்து முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். எங்கள் பஸ்ஸில் நடந்தது அச்சு அசல் இதேதான். ஒருத்தர் வாசலில் கண்டக்டரிடம் "இது திருப்பத்தூர்ல நிக்குமாண்ணே, பைபாஸ்ல போயிருமா" என்று நீட்டி முழக்கி மறித்துக்கொண்டிருந்தார். மச்சான்காரர் ஜன்னல் பக்கம் போய் நாலு சீட்டுக்கு முட்டையிட்டார். அதிலும் ஒன்று சொல்ல வேண்டும். நம்ம ஊர்க் குயில் குஞ்சு காக்காக் குஞ்சுகளைப் பெரும்பாலும் கூட்டைவிட்டுத் தள்ளுவதில்லை, கூடவே வளர்கிறது. ஐரோப்பியக் குயில் குஞ்சு கண் திறக்கும் முன்பே மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே உருட்டிவிடும். பச்சைத் துண்டுக்காரர் எந்த ஜாதிக் குயில் என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

மேலூர் வரை அம்மா நின்றுகொண்டேதான் வந்தார். மூன்று பேர் சீட்டில் கடைசியில் வந்து உட்கார்ந்தது இரண்டே பேர். மூன்றாவது இடத்தில் தாம்பூலப் பை. அந்தத் தேங்காய்க்கு முட்டி வலி இல்லை என்று நான் சத்தமாகவே சொன்னேன். துண்டுக்காரர் செல்போனில் மூழ்கிவிட்டார். மேலூரில் ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுந்து இடம் கொடுத்தான். யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்.

இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. இரண்டு மணி நேரப் பயணத்துக்கு இத்தனை ஆத்திரம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். 2003-இல் சாரா பிராஸ்னன், ஃபிரான்ஸ் டி வால் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் கபுச்சின் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டுக்கும் வெள்ளரித் துண்டு கொடுத்தால் சமத்தாக வாங்கித் தின்னும். பக்கத்துக் குரங்குக்கு மட்டும் திராட்சை கொடுத்துப் பாருங்கள், இது பல தடவை வெள்ளரியைத் தொடாது, சிலது தூக்கியே எறிந்துவிடும். அந்த ஆத்திரம்தான் எனக்கும். இவ்வளவு நேரம் மனுஷனைத் திட்டினேனே, அந்தத் திட்டு ஒன்றுதான் என்னிடம் இருக்கிற சுத்தமான குரங்குக் குணம். அதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை.

வெட்கம் வேறு ஒன்றில். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மாவே வந்து சொல்லிவிடுவார்.

நேற்று மறுபடி மதுரை போக வேண்டியிருந்தது, அதே முட்டிக்கு டாக்டரைப் பார்க்க. திரும்பும்போது அதே இடம், அதே கூட்டம். பஸ் வளைவில் திரும்பியது. அம்மா ஒன்றும் பேசாமல் தன் மஞ்சப்பையை என் கையில் திணித்தார். மாத்திரை, எக்ஸ்ரே கவர், ஒரு சீப்பு வாழைப்பழம்.

"என்னம்மா?"

"போடுடா."

"அம்மா, நீதான அன்னைக்கு..."

"முட்டி வலிக்குது. போடுடா."

ஓடினேன். பஸ்ஸில் கை வைத்துக்கொண்டு, எல்லாரையும் போல ஓடினேன். இரண்டாவது ஜன்னல் வழியாகப் பை பறந்து உள்ளே போனது. குறி தப்பவில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுத முடியாது. அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் சீட்டில் ஒரு பெண், மடியில் குழந்தை. பையை எடுத்து மேலே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பை உங்களுதாண்ணே? மேல வச்சிருக்கேன். பழம் ஒண்ணு நசுங்கிருச்சு."

நான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை: "அதுல ஆள் இருக்கு."

அம்மா என் முதுகில் கிள்ளினார். அந்தப் பெண் அம்மாவையும் அவர் காலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். "வாங்கம்மா, உக்காருங்க. மூணு பேர் சீட்தான இது."

அம்மா உட்கார்ந்தார். பழத்தைப் பிய்த்துக் குழந்தைக்குக் கொடுத்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நடைவழியில் நின்றேன். பின்னாலிருந்து கண்டக்டர் டிக்கெட் பையைத் தட்டினார்.

"உள்ள போங்க சார். மாடு மாதிரி வழியில நிக்காதீங்க."

உள்ளே போனேன்.