நிரம்பாத குழிகள்

இலங்கையின் கோப்பிக் காலத்துத் தோட்ட டோக்கன்களுக்கென்று (தோட்டங்களில் காசு மாதிரிப் புழங்கிய உலோக வில்லைகள்) காசு ஆல்பத்தில் விட்ட குழிகள் அப்படியே கிடக்கின்றன. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோயில் கோப்பி அழிந்தது. மிஞ்சிய டோக்கன்களின் விலை இன்று லயத்தில் வாழும் தோட்டத் தொழிலாளியின் சம்பளத்துக்கு எட்டாது. கண்டி, ஹட்டன் மண்ணில் புழங்கிய காசு மலையகத்தான் கைக்கே வராதது வயிற்றெரிச்சல்தான்.

விலையையாவது பொறுக்கலாம். புளி போட்டுத் தேய்த்த 1870 செப்பு ஐந்து சதத்தைப் "புதுசு மாதிரி" என்று இரட்டை விலைக்கு நீட்டுவதை எப்படிப் பொறுப்பது? காலத்தால் படிந்த பழுப்புத் தோல் போனால் திரும்பாது. எழுத்தோரம் கறுப்பும் மேடெல்லாம் இளஞ்சிவப்புமாக இருந்தால் தேய்த்த காசு, வாங்காதீங்க.

வெள்ளிப் பத்துச் சதத்தில் ஆண்டைப் பாருங்க: 1892 முதல் 1917 வரை 80 வீத வெள்ளி, 1919இலிருந்து 55 வீதம். எடை 1.17 கிராம், 0.01 வரை காட்டும் தராசு வேணும். தேய்ந்த காசு சற்றுக் குறையும், கூடினால் சந்தேகம்தான்.

கஷ்டப்பட்டு வாங்கியதை மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதீங்க. நாளாக ஆகப் பச்சைப் பிசின் கசிந்து செப்பை அரிக்கும். மைலார் (பிவிசி இல்லாத பிளாஸ்டிக்) உறையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும். நுவரெலியா ஈரத்துக்கு ஜெல்லை அடிக்கடி மாற்றணும்.