ஏபிஎஸ் உள்ள காரில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டாம்

அவசரத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காவிட்டால் சக்கரம் லாக் ஆகிவிடும், அதாவது சுழலாமல் வழுக்கும் என்று ஒரு கருத்து இருக்கிறது. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய கார்களுக்கு அது சரிதான். ஏபிஎஸ் இருந்தால் அந்த வேலையைக் காரே நொடிக்குப் பல முறை செய்துவிடும், நம் காலுக்கு அந்த வேகம் வராது. முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, தேவையான பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பலாம். இடையில் விட்டால் கார் நிற்கும் தூரம்தான் கூடும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலடியில் அதிரும். புதிதாக ஓட்டுபவர்கள் பயந்து காலை எடுப்பது இங்கேதான். தயவுசெய்து எடுக்காதீர்கள், அது பழுது அல்ல.

உங்கள் காரில் ஏபிஎஸ் இருக்கிறதா என்று சந்தேகமிருந்தால் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டைப் பாருங்கள். இருந்தால் ஏபிஎஸ் விளக்கு சில நொடி எரிந்து அணையும். அப்புறம், காரோடு வந்த கையேட்டில் பிரேக் பகுதியைப் படித்துப் பாருங்கள்.