கான் விழாவின் 15 நிமிட வரம்பு மாணவர் படங்களுக்கு அல்ல

'15 நிமிடத்தைத் தாண்டும் மாணவர் குறும்படத்தைப் பிரான்ஸின் கான் திரைப்பட விழா ஏற்காது' என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 15 நிமிடம் என்பது கானின் குறும்படப் போட்டிப் பிரிவுக்கான வரம்பு. திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கென்றே 'லா சினெஃப்' என்ற தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே உச்ச வரம்பு 60 நிமிடம். 2024இல் அதன் முதல் பரிசை வென்ற புனே திரைப்படக் கல்லூரி மாணவர் சிதானந்த நாயக்கின் படம் 16 நிமிடம் ஓடுவது.

இதை யாரும் சரிபார்க்கலாம். விழாவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இரண்டு பிரிவுகளின் விதிமுறைகளும் தனித்தனியே இருக்கின்றன. இரண்டிலும் கால அளவு பற்றிய வரியை மட்டும் பாருங்கள். விதிகள் மாறக்கூடும் என்பதால் நீங்கள் அனுப்பும் ஆண்டின் பக்கத்தையே திறந்து பாருங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. பாத்திரத்தை நம்பி எடுக்கும் படத்தில், நிமிடக் கணக்குக்குப் பயந்து கத்தரி வைத்தால் முதலில் போவது மௌனங்கள்தான். உதாரணமாக, மகன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாய் ஈரக் கையைப் புடவையில் துடைக்கும் அந்த ஆறு விநாடிகள் போய்விட்டால், அவள் யார் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.