புளி வாசனை அடிக்கும் காணிக்கை

கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணுகிற பொறுப்பு எனக்கு. மாசி, பங்குனியில் சில நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். பிரித்தால் புளி வாசனை. வாரம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டி, கொட்டை எடுத்து, கிலோ கணக்கில் கூலி வாங்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் போட்ட நோட்டுகள் அவை.

இந்தப் பங்குனியில் ஒரு அக்காவின் தசமபாகக் கவரில், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் போடும் கவரில், நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள், மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. அவர் கூலிக்கு அது எப்படி வரும்? மனசு கேட்காமல் போய்க் கேட்டேன்.

"குழு லோன் எடுத்தேன் தம்பி. விதைச்சாத்தான் அறுக்க முடியும்னு உபவாசக் கூட்டத்துல வந்த ஊழியக்காரர் சொன்னாரே. பையனுக்கு ஓசூர்ல வேலை கிடைக்கணும்ல."

புருஷன் இறந்து ஆறு வருஷம். விரல் இடுக்கெல்லாம் புளிக்கறை. அந்த 2000 ரூபாயை வரவு எழுதியது என் கைதான்.

பைபிளில் மல்கியா 3:10 சொல்லித்தான் எல்லோரும் தசமபாகம் கேட்கிறார்கள். அதே வசனத்தில் காரணமும் இருக்கிறதே: "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி". யாருக்கு ஆகாரம்? உபாகமம் 14:28, 29 பாருங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர் வாசலில் வைக்க வேண்டும். ஆலய ஊழியம் செய்கிற லேவியனோடு பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும். அப்படியென்றால் இந்த அக்கா வாங்க வேண்டியவர். அவரிடமே கடன் பணத்தை வாங்கி வைத்திருக்கிறோம்.

தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் காணிக்கை போட்ட ஏழை விதவையின் இரண்டு காசைச் சொல்லாத ஊழியக்காரர் இல்லை. மாற்கு 12-இல் அது 41-ஆம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தின வசனத்திலேயே, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதத்தைப் போதிக்கிறவர்களை, ஆண்டவர் கண்டிக்கிறார். அதை மட்டும் ஏன் பிரசங்கத்தில் விட்டுவிடுகிறோம்?

கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. அம்மா தினமும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தகர டப்பாவில் போடுவார். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாத வீட்டுக்குப் போகும். எங்களுக்கே அரிசி இல்லாத மாதத்தில் டப்பா காலியாக இருக்கும். யாரும் எதுவும் கேட்டதில்லை. பவுலும் கொரிந்தியருக்கு அப்படித்தான் எழுதினார்: "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" (2 கொரி. 8:12). கடன் வாங்கிக் கொடுத்தால் வேலை கிடைக்கும் என்பது விசுவாசமே இல்லை. தேவனோடு வியாபாரம் பேசுவது அது. அதை அக்கா தானாகப் பேசவில்லை, நம்மவர்கள் மேடை போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த 2000 ரூபாயை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், தசமபாகத்தில் ஒரு பங்கை இப்படிக் கடனில் நிற்கிற வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு பேசுவோம் என்றிருக்கிறார்கள். தவணை வசூலிக்க ஆள் வருவது செவ்வாய்க்கிழமை. அக்காவுக்கு இன்னும் 11 தவணை பாக்கி.