காத்திருப்போர் பட்டியல்

காவல் நிலையத்தில் ஓர் உயிர் போனால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். முதலில் வலிப்பு, மூச்சுத்திணறல் என்று ஒரு காரணம் வரும். பிரேதப் பரிசோதனை அதற்கு இடம் கொடுக்காவிட்டால் ஏட்டும் காவலர்களும் சஸ்பெண்ட். ஊர் ரொம்பக் கொதித்தால் கைது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரான எஸ்.பி., அடுத்த பதவி கிடைக்கும்வரை காத்திருப்போர் பட்டியலுக்குப் போவார்.

2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது தூத்துக்குடி எஸ்.பி. போனார். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி இறந்தபோது சிவகங்கை எஸ்.பி. போனார். அந்தப் பட்டியலில் இருக்கிற நாளெல்லாம் பணிக்காலம்தான், சம்பளம் நிற்காது. மடப்புரத்தில் டி.எஸ்.பி. வரை சஸ்பெண்ட் ஆனது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காவலாளி மீது வந்த சாதாரண நகைத் திருட்டுப் புகாரை யார் உத்தரவில் தனிப்படை கையில் எடுத்தது என்று உயர் நீதிமன்றமே கேட்கவேண்டி வந்தது. ஏட்டு தானாக எந்தத் தனிப்படையிலும் போய்ச் சேர்ந்துவிட முடியாது.

"எங்கோ ஒரு ஸ்டேஷனில் ராத்திரி நடந்ததுக்கு எஸ்.பி. என்ன செய்வார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அடித்ததற்காக அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் இருந்ததற்குக் கேட்கிறேன். பார்ப்பதற்குத்தானே அந்தப் பதவி?

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும், லாக்கப், நடைவழி, வாசல் எதுவும் விடுபடக்கூடாது, பதிவுகள் 18 மாதம் இருக்கவேண்டும், அவற்றைப் பார்த்து மனித உரிமை மீறல் நடந்ததா என்று சரிபார்க்க மாவட்டக் குழு வேண்டும். அந்தக் குழுவில் எஸ்.பி.யும் உண்டு. இந்தத் தீர்ப்புக்கு முன்பே சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் போதிய இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைக்குப் பதிவு தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். அதற்கு முன் அந்த நிலையத்துக்கு ஆய்வுக்கு வந்த எந்த அதிகாரியும், "நேற்றைய பதிவைப் போடுங்கள்" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, புகார் கொடுக்கலாம் என்றால் அது இன்னும் வேடிக்கை. காவல்துறை மீதான புகார்களை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் விசாரிக்கட்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலத்தின் 2013-ம் ஆண்டுச் சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கியது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். யார் மேற்பார்வை செய்யவில்லை என்று புகாரோ, அவரே உட்கார்ந்து விசாரிப்பார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கேமரா ஓடாத நாளுக்கு, கைதுக் குறிப்பாணையில் சாட்சி கையெழுத்து இல்லாத ஒவ்வொரு கைதுக்கும் டி.எஸ்.பி.க்கு 17-பி மெமோ, அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ், போகட்டும். செத்த பிறகு வேண்டாம், முன்பே. பதவி உயர்வுக் கோப்பில் அது உட்காரட்டும். இழப்பீட்டை நம் வரிப்பணத்தில் கொடுத்துவிட்டுக் கைகழுவுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் எனக்குப் பழக்கம். ஆய்வு நாள் ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும் என்பார். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், ரைட்டர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதிவேடுகளை நிரப்புவார், பிளாஸ்டிக் பைப்பெல்லாம் மாடிக்குப் போய்விடும். ஐயா வருவார், டீ குடிப்பார், பொது நாட்குறிப்பில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார், கிளம்புவார்.

"கேமரா பதிவை யாராவது ஒருநாளாவது பார்த்தாங்களாண்ணே?" என்று கேட்டேன்.

யோசித்தார். "ஒருதரம் பார்த்தாங்க தம்பி. ஸ்டேஷன் வாசல்ல நின்ன ஐயா வண்டியில யாரோ கோடு கிழிச்சிட்டாங்க, அன்னைக்கு."