பதினான்கு விழுக்காடு டெண்டர் ஓட்டு பதிவானால் மறுவாக்குப்பதிவா?

வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 49ஏ விதிப்படி வாக்களிக்கலாம் என்றும், ஒரு சாவடியில் 14 விழுக்காட்டுக்கு மேல் டெண்டர் ஓட்டு (தம் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டதால் ஒருவர் தனியாக அளிக்கும் வாக்கு) விழுந்தால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்றும் தேர்தல்தோறும் வாட்ஸ்அப்பில் வலம்வரும் செய்தி தவறானது.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 62ஆவது பிரிவின்படி, பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வாக்குரிமை இல்லை. எந்த அடையாள அட்டையும் அதை ஈடுசெய்யாது. தேர்தல் நடத்தும் விதிகளில் உள்ள 49ஏ (49A) விதி வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. இச்செய்தியை நம்பி வாக்குச்சாவடிக்கு வந்து, வரிசையில் நின்று ஏமாந்து திரும்புபவரின் இழப்பை அன்று யாராலும் சரிசெய்ய முடியாது, ஏனெனில் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்க்கச் சட்டம் இடமளிப்பதில்லை.

டெண்டர் ஓட்டு மட்டும் உண்மையில் உண்டு. உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்திருந்தால், 49பி (49P) விதிப்படி, வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்கு நிறைவான விடையளித்து, 17பி (17B) படிவத்தில் கையொப்பமிட்டு, இயந்திரத்தில் அன்றி காகித வாக்குச்சீட்டில் வாக்களிக்கலாம். அந்தச் சீட்டைத் தலைமை அலுவலர் தனி உறையில் வைப்பார்; வாக்கு எண்ணிக்கையின்போது அவ்வுறை பிரிக்கப்படுவதில்லை. ஆயினும் அது வீணன்று; வெற்றி வித்தியாசம் மிகக் குறைவானால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கலாம்: 2008 சட்டமன்றத் தேர்தலில் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே வாக்கில் தோற்றபோது, இத்தகைய வாக்குகள் உச்ச நீதிமன்றம் வரை வழக்காயின.

14 விழுக்காடு என்ற வரம்பு எந்தச் சட்டத்திலும் விதியிலும் இல்லை.