பழைய கணக்கு நோட்டை முதலில் மூட வேண்டியவர் முதலாளி

கம்பம், போடி வட்டாரத்து ஏலக்காய்க் கடைகளிலும், காயை உலர்த்தும் ஸ்டோர்களிலும் புதிய கணக்கு மென்பொருள் வாங்கிய முதலாளிகள் பலரும் சொல்லும் ஒரே புகார், ஆட்கள் ஒத்துழைப்பதில்லை என்பதுதான். நான் இதை ஏற்பதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு கட்டாயமானபோது, கேரள எல்லையில் குமுளியிலோ கம்பம்மெட்டிலோ வண்டி நின்றுவிடக் கூடாதே என்று அதைப் போடக் கற்றுக்கொண்டவர்கள் இதே ஆட்கள்தாம். அங்கே மாற்று வழி இல்லை. கடைக்குள்ளோ, பகலெல்லாம் கணினியில் பதிந்தவரிடம் மாலையில் முதலாளி "நோட்டைக் கொண்டா" என்கிறார். அன்றோடு மென்பொருள் இரட்டை வேலையாகிவிடுகிறது.

அந்த நோட்டை யாராவது பிரித்துப் பார்த்திருக்கிறார்களா? ஒரே வரியில் தோட்டக்காரர் பெயர், எத்தனையாவது எடுப்பு (காய் பறிக்கும் சுற்று), பச்சைக்காய் எடை, உலர்ந்து வந்த எடை, கொடுத்த முன்பணம் எல்லாம் இருக்கும். மென்பொருளில் எடைக்கு ஒரே ஒரு கட்டம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ கிடைக்கும் என்னும்போது, அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? வீடு கம்பத்திலும் தோட்டம் வண்டன்மேட்டிலும் உள்ளவருக்கு ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு கேரளத்தின் 32ஆ, தமிழ்நாட்டின் 33ஆ என்பதைத் தவறாகத் தேர்ந்தால் வரியின் வகையே மாறிவிடும். இவற்றையெல்லாம் அறிந்த கணக்குப்பிள்ளையை, வாங்குவதற்கு முன் ஒருவரும் கேட்பதில்லை.

வேலைக்குப் பயன்படுமா, கையாள எளிதா என்ற இரண்டையும் வைத்தே மனிதர்கள் ஒரு கருவியை ஏற்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் பிரெட் டேவிஸ் 1989இல் எழுதினார். நம் ஊரில் மானம் என்ற மூன்றாவதையும் சேர்க்க வேண்டும். முப்பது வருடம் கணக்கெழுதியவரிடம், எல்லோர் முன்னாலும் ஓர் இளைஞன் "இதுகூடவா தெரியல அண்ணே?" என்று கேட்டுவிட்டால், அதன்பின் அவர் சந்தேகமே கேட்க மாட்டார், தவறான பதிவுகள்தான் சத்தமில்லாமல் சேரும். தனியாக உட்காரவைத்து, அவருடைய சொந்த நோட்டின் வரிகளையே பதியவைத்துச் சொல்லிக்கொடுத்தால் நிலைமை வேறு.

ஆகவே முதலாளிகளிடம் நான் கேட்பது இதுதான்: கணக்குப்பிள்ளை கேட்கும் கட்டங்களைச் சேர்த்த பிறகே பணம் கொடுங்கள். ஒரு தேதியைக் குறித்து, அன்று முதல் நீங்களும் திரையில் மட்டுமே கணக்குப் பாருங்கள். ஆகஸ்டில் எடுப்பு மும்முரமாக இருக்கும்போது இதைத் தொடங்காமல், காய் வரத்து குறைந்திருக்கும் மார்ச், ஏப்ரலில் தொடங்குங்கள்.